லயத்து வாசலில் தோரணம்

வயிறு நிறைந்த பின்னரே மனிதன் அழகை நாடுவான் என்பர். மலேசியத் தமிழர் வரலாறு இக்கூற்றுக்கு உடன்படவில்லை. அரைவயிற்றுக் கூலியில் வாழ்ந்த நாள்களிலும் நம் முன்னோர் தம் வாசலை அணி செய்யத் தவறியதில்லை. அவ்வணிக்குப் பெருங்காசு வேண்டியிருக்கவில்லை. கையும் கண்ணும் போதுமாயிருந்தன. அக்கைத்திறன் கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்ந்த வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

இல்லத்தையும் வீதியையும் இயற்கைப் பொருள்களால் ஒப்பனை செய்தல் தமிழரின் தொன்மை வழக்கு. மணிமேகலையின் விழாவறை காதையில், முரசறைவோன் புகார் நகர மக்களுக்கு விடுக்கும் அறிவிப்பை மாணவர் அறிவர். பழைய மணலை மாற்றிப் புதுமணல் பரப்புமாறும், கமுகும் வாழையும் கரும்பும் நடுமாறும் அவன் கூறுகின்றான். பொற்றூண்களில் முத்துமாலை தொங்கவிடவும் பணிக்கின்றான். மலாயாவுக்குக் கப்பலேறிய நம்மவர் அம்முத்துமாலையைக் கொணரவில்லை. கமுகும் வாழையும் நடும் பழக்கத்தையே நெஞ்சில் கொணர்ந்தனர்.

1901இல் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகம், 1972இல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாறியது. அத்துறையில் இறங்கிய தமிழர் பல்லாயிரவர். கங்காணிகளால் அழைத்துவரப்பட்ட அவர்கள், கிள்ளான், காப்பார், கேரித்தீவு முதலிய இடங்களின் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். அவர்தம் இருப்பிடமே லயம். ஒரே கூரை, ஒரே அளவு, ஒரே நிறம். வீடு தோட்டத்திற்கு உரியது. வேலை போனால் வீடும் போகும். தமக்குச் சொந்தமல்லாத அவ்வீட்டில் அவர்களுக்கு உரியதென எஞ்சியது வாசல் ஒன்றே.

அவ்வாசலை அணி செய்யக் கைக்கெட்டிய பொருள்களே உதவின. கடலோரச் சிலாங்கூரில் தென்னைக்குக் குறைவில்லை. குருத்தோலையைக் கிழித்து, மடித்து, ஓரங்களைச் சாய்வாகக் கீறி, நுனியை மறுபுறம் செருகினால் தோரணத்தின் ஓர் இதழ் உருவாகும். அவ்விதழ்களை மாவிலையோடு மாறி மாறிக் கயிற்றில் கோத்தால் வாசல் நிறையும். மங்கலத்திற்கு ஒருவகை மடிப்பு; துயர நிகழ்ச்சிக்கு வேறுவகை. தோரணத்தைக் கண்டே அவ்வீட்டின் நிலையை ஊர் உணரும். தரையில் அரிசிமாக் கோலம் இடுவர். பலகைச் சுவரின் இடுக்குகளை மறைக்க நாளிதழ்த் தாள்களை ஒட்டுவர். 1924இல் தோன்றி 2019இல் நின்றுபோன ‘தமிழ் நேசன்’ எங்கள் வீட்டுச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. நான் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் நூல் அச்சுவரே.

ஓலையை மடிக்கும் கலை நமக்கு மட்டும் உரியதன்று. மலாய்க்காரர் தென்னங்குருத்தில் கெத்துபாட் கூடு பின்னுவர். கேரித்தீவின் மா மெரி பழங்குடியினர் தம் முன்னோரை வழிபடும் நாளில் ஓலையை மடித்துப் பூவும் அணியும் செய்வர். இம்மண்ணின் பல்வேறு மக்களை ஓர் ஓலை உறவாக்கியுள்ளது எனலாம்.

1930களின் பொருளாதார மந்தத்தில் கூலி குறைந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர், சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். அதன்பின் வந்தது சப்பானியர் ஆட்சி. சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டவருள் என் பாட்டனாரும் ஒருவர். அவர் திரும்பவில்லை. அரிசிக்கு வழியற்ற அந்நாள்களிலும் பாட்டி சுண்ணாம்புத் தூளால் கோலமிட்டார். “எல்லா வீடும் ஒன்றுபோல இருக்கிறதே, வருகிறவர் வீடு தெரியாமல் நின்றுவிடக்கூடாது” என்பது அவர் சொன்ன காரணம். கோலம் அழகுக்கு மட்டும் உரியது என்று நான் எண்ணாதது அதனால்தான்.

காலம் மாறியது. இரப்பர்க் காடுகள் செம்பனையாயின. அவற்றுள் பல பின்னர் வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்து மக்கள் அடுக்குமாடிகளில் குடியேறினர். கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்சில் நூற்றாண்டு கண்ட ‘நூறு குடியிருப்புகள்’ 2014இல் இடிக்கப்பட்டன. 2010இல் ‘லிட்டில் இந்தியா’ எனத் திறந்துவைக்கப்பட்ட அவ்வட்டாரக் கடைகளில் இன்று நெகிழித் தோரணம் மலிவாகக் கிடைக்கின்றது. வாடாது, உதிராது, ஆண்டுதோறும் பயன்படும். வேலைக்கு ஓடும் பெற்றோர் அதை வாங்குவதில் குறைகாண எனக்கு மனமில்லை.

நானே அதைத்தான் வாங்கினேன். பள்ளிப் பொங்கல் விழாவுக்கு நான் கட்டிய தோரணத்தைக் கண்டு மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி, “ஐயா, இது என்ன இலை?” என்று கேட்டாள். நெகிழி மாவிலையைக் காட்டி விடைகூற நாணினேன். மறு ஆண்டு மாணவர் ஒருவரின் பாட்டியாரைப் பள்ளிக்கு அழைத்தோம். என் விரல்களும் மறந்திருந்தன; மாணவரோடு நானும் தரையில் அமர்ந்து கற்றேன். முதல் தோரணம் கோணலாகவே அமைந்தது. ஆயினும் அன்று மாலை அவர்கள் ஆளுக்கோர் இதழைப் பொன்போல் ஏந்தி வீடு சென்றனர்.

ஆசிரியப் பெருமக்களே! காட்சிக்கலைப் பாடத்தில் மரபுக் கைவினைக்கு இடம் உண்டு. செலவு ஒரு தென்னங்குருத்து. ஏட்டில் எழுதப்படாத நம் முன்னோர் வரலாறு முதியோரின் விரல்களில் இன்னும் இருக்கின்றது. அவ்விரல்கள் ஓயுமுன் இளைய விரல்களை அவற்றின் அருகே அமர்த்துவது நம் கடன்.