பதினைந்து விழுக்காட்டுப் பாடவேளை: பிரித்தானிய வடிவமைப்பு வரலாற்றுக் கழகத்தின் தோற்றம்

இங்கிலாந்தின் தென்கடற்கரை நகரான பிரைட்டனின் பாலிடெக்னிக்கில் 1977இல் ஒரு மாநாடு நடந்தது. 'டிசைன் ஹிஸ்டரி சொசைட்டி' எனும் வடிவமைப்பு வரலாற்றுக் கழகம் அதையொட்டிப் பிறந்தது. கழகங்களின் வரலாற்றை நிறுவனர்களின் பெயர்ப் பட்டியலிலிருந்து தொடங்குவது மரபு. இந்தக் கழகத்தின் வரலாற்றையோ கல்லூரிக் கால அட்டவணையிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஓவியர் வில்லியம் கோல்ட்ஸ்ட்ரீம் தலைமையிலான கலைக்கல்வி ஆலோசனைக் குழு 1960இல் தன் முதல் அறிக்கையை அளித்தது. கலைக் கல்லூரிகளின் பழைய பட்டயத்துக்கு மாற்றாக, பல்கலைக்கழகப் பட்டத்துக்கு நிகரான புதிய பட்டயம் ஒன்றை அது பரிந்துரைத்தது. கைத்திறனை மட்டும் காட்டிப் பட்டத்துக்கு ஈடான மதிப்பைக் கோர முடியாது. எனவே, படிப்பு நேரத்தில் ஏறத்தாழ 15 விழுக்காடு கலை வரலாற்றுக்கும் துணைப் பாடங்களுக்கும் ஒதுக்கப்பட்டது. நுண்கலை, வரைகலை, முப்பரிமாண வடிவமைப்பு, ஆடையும் நெசவும் என்ற நான்கு பிரிவினருக்கும் இது பொது. கல்வித் தகுதிக்காகச் சேர்த்த ஒரு விதி, அதுவரை பெயர்கூட இல்லாத ஒரு துறைக்கு ஆசிரியப் பணியிடங்களை உண்டாக்கிவிட்டது.

அந்தப் பணியிடங்களுக்கு வந்தவர்களில் பலர் ஓவிய, சிற்ப வரலாறு பயின்றவர்கள். ஜோத்தோவின் சுவரோவியங்களைத் திரையில் காட்டிக்கொண்டிருக்கும்போது, தன் தறிக்கும் இதற்கும் என்ன உறவு என்று நெசவு மாணவி ஒருத்தி கேட்டால் பதில் சொல்வது எளிதல்ல. கையில் இருந்த நூல்களும் சிலவே. நிக்கோலஸ் பெவ்ஸ்னர் 1936இல் வெளியிட்ட நூல், வில்லியம் மாரிஸில் தொடங்கி வால்டர் குரோப்பியஸில் முடியும் ஒரு முன்னோடி வரிசையை நிறுவியது. பெரியவர் கையிலிருந்து பெரியவர் கைக்குத் தீபம் மாறும் கதை அது. கடைத்தெருவில் விற்ற அடுப்புக்கும் நாற்காலிக்கும் அதில் இடமில்லை. சிக்ஃபிரீட் கீடியன் 1948இல் பூட்டையும் குளியல் தொட்டியையும் இறைச்சிக்கூடத்தையும்கூட வரலாற்றுக்குள் கொண்டுவந்தார். பெவ்ஸ்னரின் மாணவரான ரேனர் பேன்ஹம் 1960இல் ஆசிரியரின் வரிசையையே கேள்விக்குள்ளாக்கினார். இவற்றைக் கொண்டு ஓர் ஆண்டுப் பாடத்தை ஓட்டலாம். ஒரு துறையைக் கட்ட முடியாது.

1968 மே மாத இறுதியில் லண்டன் ஹார்ன்சி கலைக் கல்லூரி மாணவர்கள் கட்டடத்தைக் கைப்பற்றி வாரக்கணக்கில் அமர்ந்தார்கள். பாடத்திட்டத்தின் இறுக்கமும் அவர்கள் எழுப்பிய பிரச்சினைகளில் ஒன்று. 1970இல் வந்த கோல்ட்ஸ்ட்ரீமின் இரண்டாம் அறிக்கை பிடியைத் தளர்த்தியது. குழு உறுப்பினரான பெவ்ஸ்னர், கலை வரலாற்றின் இடம் நீர்த்துப்போவதாகக் கருதித் தம் மறுப்புக் குறிப்பை அதில் பதிவுசெய்தார். வடிவமைப்பு வரலாற்றுக்கு முதல் நூல் தந்தவர் அஞ்சிய அந்தத் தளர்வுதான், என் பார்வையில், அத்துறை உள்ளே நுழைய வாசலைத் திறந்தது. ஓவிய வரலாறு கட்டாயமில்லை என்று ஆனபின், சுவரொட்டியையும் வானொலிப் பெட்டியையும் பற்றிப் பேச ஆசிரியருக்குத் துணிவு வந்தது.

கலை வரலாற்றாளர்களின் தேசியச் சங்கம் 1974இல் அமைந்தது. ஓவியமும் சிற்பமும் கட்டடமும் நடுக்கூடத்தில் அமர, வடிவமைப்பைக் கற்பித்தவர்களுக்குக் கிடைத்தது திண்ணைதான். 1975இல் நியூகாசில் பாலிடெக்னிக் இருபதாம் நூற்றாண்டு வடிவமைப்பையும் வெகுமக்கள் பண்பாட்டையும் சேர்த்து ஒரு மாநாடு நடத்தியது. அதே ஆண்டு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1890 முதல் 1939 வரையிலான கட்டடக்கலை, வடிவமைப்பு வரலாற்றை 24 தொலைக்காட்சி நிகழ்ச்சிகளோடு பாடமாக்கியது. பதிவுசெய்யாதவர்களும் வீட்டிலிருந்து பார்க்க முடிந்தது. 1960களின் பிரித்தானியப் பாப் வடிவமைப்பு குறித்துப் பென்னி ஸ்பார்க் பிரைட்டனில் முனைவர் ஆய்வை முடித்ததும் 1975இல்தான். நியூகாசிலைத் தொடர்ந்து அடுத்த ஆண்டு நடந்த மாநாட்டின் பொருள் ஓய்வுப்பொழுது.

1977 பிரைட்டன் மாநாட்டின் கட்டுரைகளை வடிவமைப்பு மன்றம் மறு ஆண்டு நூலாக்கியது. அதன் தலைப்பு, வடிவமைப்பு வரலாறு வெறும் மோகமா, பயனுள்ளதா என்று கேட்டது. தன் துறை நிலைக்குமா என்ற ஐயத்தை அட்டையிலேயே அச்சிட்ட அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. பயன்பாடு என்பது நவீனத்துவர்களின் தாரக மந்திரம். அவர்களின் சொல்லாலேயே அவர்களைச் சீண்டும் குறும்பும் தலைப்பில் உண்டு. தமிழில் சேலைக் கரைக்கும் சோப்பு உறைக்கும் 'டிசைன்' என்ற ஒரே சொல்லைப் புழங்குகிறோம். ஆங்கிலத்திலும் அச்சொல் வரைபடம், செயல்முறை, முடிந்த பொருள் மூன்றையும் குறித்தது. கழகம் ஆராயப்போவது இவற்றில் எதை என்பது தொடக்கத்தில் தீர்ந்துவிடவில்லை.

அடுத்த பத்தாண்டில் விடைகள் வெவ்வேறு திசைகளிலிருந்து வந்தன. 1982இல் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகமும் ராயல் கலைக் கல்லூரியும் இணைந்து முதுகலைப் படிப்பைத் தொடங்கின. 1986இல் ஏட்ரியன் ஃபார்ட்டி, பொருள்களின் உருவத்தை வடிவமைப்பாளரின் மேதைமையால் அன்றி விற்பனையாலும் சமூக எண்ணங்களாலும் விளக்கினார். அதே ஆண்டு செரில் பக்லி, முன்னோடி வரிசையில் பெண்கள் ஏன் இல்லை என்று கேட்டு எழுதிய கட்டுரை அமெரிக்க இதழ் ஒன்றில் வந்தது. கழகத்துக்கென ஆய்விதழ் அப்போது இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் வழியே 'ஜர்னல் ஆஃப் டிசைன் ஹிஸ்டரி' முதல் இதழ் வெளிவந்தபோது ஆண்டு 1988. கழகத்துக்கு வயது 11. அதைத் தாங்கிய பாலிடெக்னிக்குகள் பல்கலைக்கழகங்களாக 1992 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.