மாடக்குழி

மாடக்குழி என்பது வீட்டுச் சுவரின் கனத்துக்குள்ளேயே விளக்கு வைப்பதற்காக விடப்படும் சிறு பள்ளம். விளக்கு மாடம், பிறை என்றும் இதைச் சொல்வர். நாஞ்சில் நாட்டுப் பழைய ஓட்டு வீடுகளில் தலைவாசலின் இருபுறமும் இணையாகவும், பட்டாசாலை (கூடம்), அரங்கு (உள்ளறை) ஆகியவற்றின் உட்சுவர்களிலும் இதைக் காணலாம்.

சுவர் எழுப்பும்போதே மாடக்குழிக்கு இடம் விடுவார்கள். அகல் அமர அடிப்பகுதி தட்டையாக இருக்கும். மேற்பகுதி வளைவாகவோ முக்கோணமாகவோ முடியும். இதனால் மேலே உள்ள சுவரின் பாரம் இருபுறமும் பிரிந்து இறங்கி, சுவர் வெடிக்காமல் நிற்கும். உட்புறத்துக்குச் சுண்ணாம்பு பூசுவர். அந்த வெண்மை சிறு சுடரின் ஒளியையும் வாசலுக்குத் திருப்பிவிடும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று சுழன்றடிக்கும் மாதங்களிலும் மாலை விளக்கு அணையாமல் எரிய, மூன்று பக்கமும் அடைத்த இந்த அமைப்பு மிகப் பொருத்தமானது. புன்னை எண்ணெய், தேங்காய் எண்ணெய் விளக்குகளின் கரி படிந்த மாடத்தைப் பொங்கலுக்கு வெள்ளையடிப்பார்கள். திருக்கார்த்திகையன்று எல்லா மாடங்களிலும் விளக்கேறும். அரங்கு மாடத்தில் திருநீற்று மரவையும் தீப்பெட்டியும் இருக்கும். வசதியுள்ள வீடுகளில் வளைவைச் சுற்றிச் சுதை வேலைப்பாடு உண்டு. பத்மநாபபுரம் அரண்மனையின் பூமுகத்தில் குதிரை விளக்கு சங்கிலியில் தொங்குகிறது. எளிய குடும்பங்களுக்கோ சுவரே விளக்குத்தண்டு.

ஜப்பானிய வீட்டின் தோகோனோமாவும் சுவரோரம் உள்வாங்கிய இடம்தான். முரோமாச்சிக் காலத்தில் (1336–1573) உருப்பெற்ற அதில் தொங்கு சுருள் ஓவியமும் மலர் அலங்காரமும் வைப்பர். பருவத்துக்கேற்ப அவற்றை மாற்றுவர். முதன்மை விருந்தினரை அதன் முன்னே அமர்த்துவது மரபு. உள்ளே காலடி வைப்பதில்லை. அது வீட்டுக்குள் வந்தவர் பார்ப்பதற்கானது. தலைவாசல் மாடக்குழி தெருவில் போகிறவருக்கும் வெளிச்சம் தருகிறது. அவ்வகையில் இதன் பயன் பெரிது.

மின்விளக்கு வந்ததும் மாடக்குழியின் தேவை குறைந்தது. அதை முற்றிலும் அகற்றியது சுவரின் மெலிவு: ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் அகல் வைக்கும் ஆழத்துக்குக் குடைந்தால் பின்னால் எஞ்சுவது சொற்பம். எனவே புது வீடுகளில் சுவரிலிருந்து வெளியே நீட்டிய பலகையிலோ பூசையறை அலமாரியிலோ விளக்கு வைக்கிறார்கள். துளசி மாடங்களிலும் சுடலைமாடன் பீடங்களிலும் விளக்குக்குழி விடும் வழக்கம் இன்றும் தொடர்கிறது.