மானி மாட்டரின் நெருப்புக்குச்சி

எண்பதுகளின் நடுப்பகுதி. பேர்ண் மாநிலத்தில் ஒரு உணவகத்தின் குசினியில் எனக்குக் கோப்பை கழுவுகிற வேலை. அங்கிருந்த செஃப் ஒரு கன்ட்ரி இசைப் பைத்தியம். ஜோனி காஷின் கசெற் ஒன்று நாள் முழுக்க ஓடும். இந்தப் பைத்தியம் அவருக்கு மட்டும் பிடித்ததல்ல. பிறகு 1990களில் இன்டர்லாக்கனில் லொறிக்காரருக்கும் கன்ட்ரி இசைக்கும் சேர்த்து ஒரு விழாவே தொடங்கினார்கள்.

ஒருநாள் அவர் கசெற்றை மாற்றிப் போட்டார். ஒரு கிட்டார், ஒரு குரல், வேறொன்றுமில்லை. குசினியில் நின்ற சுவிஸ்காரர் எல்லோரும் கூடவே பாடத் தொடங்கிவிட்டார்கள். காஷுக்கு அப்படி யாரும் பாடியதில்லை. யார் இது என்று கேட்டேன். "எங்கட ஆள்" என்ற மாதிரி ஏதோ சொன்னார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை.

ஏன் விளங்கவில்லை என்பதில்தான் இந்தக் கதையே இருக்கிறது. வகுப்பில் எங்களுக்குப் படிப்பித்தது எழுத்து டொச். சனம் கதைத்தது பேர்ண் டொச். பத்திரிகையில் ஒன்று, வாயில் இன்னொன்று. ஆங்கிலேயனுக்கோ பிரெஞ்சுக்காரனுக்கோ இது விசித்திரமாக இருக்கலாம். எழுதும்போது "வரவில்லை" என்றும் கதைக்கும்போது "வரேல்லை" என்றும் வளர்ந்த யாழ்ப்பாணத்தானுக்கு இதில் என்ன விசித்திரம்? அந்த நாட்டை நான் முதன்முதலாக விளங்கிக்கொண்ட இடம் அதுதான்.

அந்தப் பாடகரின் பெயர் மானி மாட்டர். 1936 இல் ஹேர்சோகன்புக்சேயில் பிறந்தவர். இயற்பெயர் ஹான்ஸ் பீற்றர். சட்டத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று, பேர்ண் நகரசபையின் சட்ட ஆலோசகராக வேலை பார்த்தவர். பகலில் கோவைகள், இரவில் கிட்டார். 1953 இல் பள்ளி மாணவனாக இருந்தபோது, பிரெஞ்சுப் பாடகர் ஜோர்ஜ் பிரசென்ஸின் மெட்டொன்றுக்கு மண்புழுவைப் பற்றிப் பேர்ண் மொழியில் எழுதியதுதான் முதல் பாட்டு. 1966 இல் முதல் சிறிய இசைத்தட்டு வந்தது.

அதுவரை வட்டார மொழி என்றால் மலை, மாடு, அந்தக்காலம் என்று உருகுவதற்கான மொழியாகவே பெரும்பாலும் இருந்தது. அறுபதுகளில்தான் பேர்ணைச் சேர்ந்த சிலர், கவிஞரும் பாதிரியாருமான குர்ட் மார்ட்டி போன்றவர்கள், அதே மொழியில் நகரத்தையும் அரசியலையும் எழுதத் துணிந்தார்கள். மாட்டர் அதைப் பாட்டாக்கினார். அதனால்தான் அது சனத்தின் வாயில் ஏறியது.

1970 இல் வந்த இசைத்தட்டின் பெயர் "ஹெம்மிகே". தமிழில் கூச்சம், தயக்கம் என்று சொல்லலாம். மனிதனைக் குரங்கிலிருந்து பிரிப்பது இந்தக் கூச்சம்தான் என்று பகிடியாகத் தொடங்கி, உலகம் போகிற போக்கைப் பார்த்தால் மனிதனுக்குக் கூச்சம் இருக்கட்டும் என்று விரும்ப வேண்டியிருக்கிறது என்று முடிக்கிறார். அதே 1970 யூனில்தான், வெளிநாட்டவர் தொகையை ஏறத்தாழப் பத்து வீதத்துக்குள் கட்டுப்படுத்தும் சுவார்சன்பாக் பிரேரணை வாக்கெடுப்புக்கு வந்தது. 54 வீதமானவர்கள் வேண்டாம் என்றார்கள். மீதி 46 வீதத்தையும் மறக்கக்கூடாது. வாக்களித்தவர்கள் ஆண்கள் மட்டுமே. பெண்களுக்குக் கூட்டாட்சி மட்டத்தில் வாக்குரிமை கிடைத்தது 1971 இல்.

1972 நவம்பர் 24 அன்று, றப்பர்ஸ்வில்லில் நிகழ்ச்சிக்குப் போகும் வழியில் கார் விபத்தில் மாட்டர் இறந்தார். வயது 36. இறந்தபின்தான் அவர் உண்மையில் பரவினார் என்று சொல்வேன். இசைத்தட்டுகள் மறுபடி மறுபடி வந்தன. பள்ளிக்கூடங்களில் பாடினார்கள். 1991 இல் ஸ்டெஃபான் ஐக்கர் தன் "எங்கல்பேர்க்" அல்பத்தில் "ஹெம்மிகே"யைச் சேர்த்தார். இந்த நாடு நீண்டகாலம் விரட்டிய யேனிஷ் மக்களின் வழிவந்தவர் ஐக்கர். பிரான்சின் மேடைகளில் அவர் அதைப் பாடியபோது, ஒரு சொல்லும் விளங்காத பிரெஞ்சு இரசிகர்கள் கூடச் சேர்ந்து பாடினார்கள். குசினியில் நின்ற என்னை நினைத்துக்கொண்டேன். 1992 இல் றொக் இசைக்காரர் பலர் சேர்ந்து "மாட்டர் றொக்" என்று ஒரு அல்பம் போட்டார்கள். கிட்டார் ஒன்றோடு பாடியதை இரைச்சலாக்கிவிட்டார்கள் என்று எங்கள் செஃப் திட்டினார். ஆனால் இளம் பிள்ளைகள் அதைக் கேட்டுத்தான் மூலத்தைத் தேடிப் போனார்கள். 2002 இல் அவரைப் பற்றிய ஆவணப்படமும் வந்தது.

இனி என் பாட்டுக்கு வருகிறேன். தொண்ணூறுகளில் என் மகள் பள்ளியிலிருந்து பாடிக்கொண்டு வந்தது. ஒரு மனிதன் சிகரெட்டுக்கு நெருப்புக்குச்சி தட்டுகிறான். குச்சி கைதவறிக் கம்பளத்தில் விழுகிறது. அப்படியே விட்டிருந்தால் வீடு எரிந்திருக்கும், யாரோ வைத்த நெருப்பு என்று சனம் துவக்கு எடுத்திருக்கும், சமாதானத்தைக் காப்பாற்ற யுத்தத் தாங்கிகள் வந்திருக்கும், உலகப் போரே மூண்டிருக்கும். நல்லவேளை, குச்சியை எடுத்துவிட்டேன் என்று முடிகிறது பாட்டு. சுவிஸ்காரர் இதற்குச் சிரிப்பார்கள். நான் மகளிடம் சொற்களைக் கேட்டுக் கேட்டு விளங்கிக்கொண்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்களிடம் அந்தக் குச்சியை ஒருவரும் எடுக்கவில்லை. எங்களுக்கு அது கைதவறி விழுந்ததும் அல்ல. 1981 இல் யாழ் நூலகம், ஏறத்தாழ 97,000 நூல்கள். 1983 யூலையில் கொழும்பு. அதன்பின் மாட்டர் பகிடியாக அடுக்கிய அதே வரிசைதான்: துவக்கு, பிறகு சமாதானம் காக்கவென்று வந்த இராணுவம், பிறகு 2009 முள்ளிவாய்க்கால். எழுபதுகளின் தொடக்கத்திலேயே இறந்துபோன ஒரு பேர்ண் சட்டத்தரணிக்கு இது எதுவும் தெரிய நியாயமில்லை. ஆனாலும் பாட்டு பாடியவனோடு நிற்பதில்லை. கேட்பவன் தன் நெருப்பையும் கொண்டுவந்து அதில் வைக்கிறான்.

அண்மையில் பேரன் அதே பாட்டைப் பாடினான். எங்கட ஊர்க் கதையையும் சொன்னேன். "அம்மப்பா, ஏன் அதை ஒருத்தரும் எடுக்கேல்லை?" என்று கேட்டான். எடுத்திருக்க வேண்டியவர்கள்தான் தட்டிப் போட்டார்கள் என்று ஏழு வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருந்தேன்.

சுவிசில் இருக்கிறவர்கள் உங்கள் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். நிச்சயம் பலருக்கு இந்தப் பாட்டுத் தெரிந்திருக்கும். அவர்களோடு இருந்து ஒருமுறை கேளுங்கள். இந்த நாட்டில் இத்தனை வருசம் இருந்தும், அவர்களுடைய பாட்டுகளைக் கேட்காமல் அவர்களைப் பற்றிக் குறை மட்டும் கதைத்துக்கொண்டிருக்கிறோம். நானும்தான்.