வயசானா குரல் அப்படித்தானா?

மணியாச்சி ஜங்ஷன்னா ஹிஸ்டரியில ஒரே ஒரு சத்தம்தான்: 1911 ஜூன் 17, கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது. இன்னிக்கு அந்தக் கரிசல் பக்கத்துப் பெரியவங்களோட கம்மிப்போன குரலைப் பத்திப் பேசலாம். கேட்டா, "வயசாயிட்டுல்லா, அப்படித்தான்"பாங்க. அப்படித்தானா?

தொண்டைக்குள்ள என்ன நடக்குதுன்னு டாக்டர்களுக்கு வழி காட்டினவர் ஒரு பாட்டு வாத்தியார். பேரு மானுவேல் கார்சியா. 1854-ல சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள்ள பிடிச்சு, வெயில் வெளிச்சத்துல தன்னோட குரல் நாண்களைத் தானே பார்த்தார்.

அது ரெண்டு கதவு மாதிரி. சேர்ந்து அதிர்ந்தாத்தான் குரல். வயசானா அந்தத் தசை மெலியும், கதவு முழுசா சாத்தாது, காத்து ஒழுகும். அதனால குரல் சன்னமாகும். ஆம்பளைக் குரல் கொஞ்சம் கீச்சாகும், பொம்பளைக் குரல் கொஞ்சம் கனமாகும்.

ஆனா அதே கரகரப்பு தொண்டைப் புற்றுநோயோட முதல் அறிகுறியாவும் இருக்கலாம். குரல் நாண்ல வர்ற புற்றுநோயை ஆரம்பத்துலயே பிடிச்சா, கதிர்வீச்சாலேயே பெரும்பாலும் குணமாகும், குரல்வளையையும் எடுக்க வேண்டாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல தொடங்கின அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு 1957-லேயே கோபால்ட் கதிர்வீச்சு மெஷின் வந்துடுச்சு.

கதிர்வீச்சுக்கும் ஒரு விலை உண்டு. நாண்கள் விறைச்சுப் போகும், எச்சில் குறையும், தொண்டை வறண்டுடும். சிலருக்கு இது சிகிச்சை முடிஞ்சு பல மாசம் கழிச்சுத்தான் தெரியும். அப்போ வீட்டுல, "உயிர் பொழைச்சதே பெருசு, குரலுக்கென்ன"ன்னு விட்டுடறோம். பேசினா யாருக்கும் கேட்கலைன்னா, அந்த மனுஷன் பேசறதையே நிறுத்திடுவார்.

இன்னொரு துப்பாக்கிச் சத்தம் ஞாபகம் இருக்கா? 1967 ஜனவரி 12. எம்.ஆர்.ராதா சுட்ட குண்டு எம்.ஜி.ஆரோட கழுத்துல பாய்ஞ்சுது, குரல் மாறிடுச்சு. மாறின குரல்லயே நடிச்சார், மேடையில பேசினார், 1977-ல முதலமைச்சரும் ஆனார். கூட்டம் காது கொடுத்துக் கேட்டுச்சு. அந்தக் காதை நம்ம தாத்தா பாட்டிக்கும் கொடுக்கலாமே?

குரல் கம்மி மூணு வாரம் தாண்டிடுச்சுன்னா, முக்கியமா பீடி, சிகரெட் பழக்கம் இருந்தா, காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. மணியாச்சியில ரயில் ஏறினா திருநெல்வேலி. அங்க 1965-லேர்ந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு. வயசுதான் காரணம்னாலும், கதிர்வீச்சுதான் காரணம்னாலும் குரல் பயிற்சி பலருக்கு உதவும். வயசுதான்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி, தொண்டைக்குள்ள ஒருத்தர் பார்த்துடட்டும்.