மைதானத்திலும் ஓர் ஆசிரியர்



உதைபந்தாட்டத்தில் கோல் அடித்தவரின் பெயர் மறுநாட் பத்திரிகையில் வெளிவருகின்றது. அவருடைய காலைப் பழக்கியவரின் பெயரோ பெரும்பாலும் வெளிவருவதில்லை. அத்தகைய ஒருவரின் வரலாற்றை இன்று நோக்குவோம். அவர் ஐதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரகீம். 1909ஆம் ஆண்டிற் பிறந்து, கலைப்பட்டம் பெற்று, பாடசாலை ஆசிரியராகப் பணியாற்றியவர்.

1943இல் ஐதராபாத் உதைபந்தாட்டச் சங்கத்தின் செயலாளரான ரகீம், வகுப்பறை முறையையே மைதானத்திற்கும் கொண்டு சென்றார். நல்லாசிரியர் மாணவனுக்கு வராத பாடத்தையே முதலிற் கவனிப்பார். அதுபோல, பழகாத காலினால் மட்டுமே ஆடவேண்டும் என்ற விதியுடன் அவர் போட்டிகள் நடத்தினார். பந்தைத் தனியே கொண்டோடலாகாது, தோழருக்கு உடனே வழங்கவேண்டும் என்ற விதியுடனும் போட்டிகள் நடந்தன. அவர் பயிற்றிய ஐதராபாத் நகரப் பொலிஸ் அணி, 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து ரோவர்ஸ் கிண்ணத்தை வென்றது.

இந்திய அணியின் பயிற்றுநராகவும் அவர் அமர்ந்தார். 1951இல் புதுதில்லி ஆசிய விளையாட்டு விழாவில், ஈரானை ஒரு கோலினால் வென்று இந்தியா தங்கப் பதக்கம் பெற்றது. மறுவருடம் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலோ, பலரும் வெறுங்காலுடன் ஆடிய அதே அணி யூகோசிலாவியாவிடம் 10க்கு 1 எனத் தோற்றது. அதன்பின் பாதணி அணிந்து ஆடுதல் கட்டாயமாக்கப்பட்டது. நான்கு ஆண்டுகள் கழிந்து மெல்போணில் அவுஸ்திரேலியாவை 4க்கு 2 என வென்று, ஒலிம்பிக் உதைபந்தாட்ட அரையிறுதியை அடைந்த முதல் ஆசிய நாடாயிற்று இந்தியா. ஈற்றில் நான்காம் இடமே கிடைத்ததாயினும், ஹெல்சிங்கித் தோல்வி வீண்போகவில்லை.

1962இல் ஜகார்த்தா ஆசிய விழாவுக்குச் சென்றபோது ரகீம் புற்றுநோயால் வருந்திக்கொண்டிருந்தார். இஸ்ரேலும் தாய்வானும் விலக்கப்பட்டதை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்தமையால், உள்ளூர் மக்கள் இந்திய அணியின்மீது கடுஞ்சினம் கொண்டிருந்தனர். முதலாட்டத்தில் தென் கொரியாவிடம் இந்தியா தோற்றது. பின்காவலரான ஜர்னைல் சிங்கிற்குத் தலையிற் காயம் பட்டுத் தையல் இடப்பட்டது. ரகீம் அவரை வெளியே இருத்தாது, முன்வரிசையில் ஆடவிட்டார். செப்தெம்பர் 4ஆம் நாள் இறுதியாட்டத்தில், ஏறத்தாழ ஒரு இலட்சம் மக்களின் கூச்சலுக்கிடையே, அதே கொரியாவை 2க்கு 1 என இந்தியா வென்றது. கோல்களில் ஒன்று ஜர்னைல் சிங் அடித்தது. கோல் காத்தவர் பீற்றர் தங்கராஜ்.

1963 ஜூன் 11ஆம் நாள் ரகீம் காலமானார், வயது 53. அதன்பின் ஆசிய விழாவில் இந்தியா உதைபந்தாட்டத் தங்கம் வென்றதில்லை. 1970இல் வெண்கலம் மட்டும் கிடைத்தது. 1960க்குப் பின் ஒலிம்பிக் உதைபந்தாட்டத்திலும் அதற்கு இடம் கிட்டவில்லை. ஒருவரையே நம்பி நின்ற சிறப்பு அவருடனேயே தளர்ந்தது எனக் கருத இடமுண்டு.

நம் குடாநாட்டிலும், பாடசாலை மணி அடித்தபின் பிள்ளைகளுடன் மைதானத்தில் நிற்கும் ஆசிரியர் உளர். அவர்களிடம் கிண்ணத்தை மட்டுமே கேட்கும் அதிபர்களாகிய நாம், இன்னொன்றையும் கேட்டல் வேண்டும்: உமக்குப் பின் இப்பணியைச் செய்ய யாரைப் பழக்கியிருக்கிறீர்? அவ்வாறு பழக்குவதற்கு வேண்டிய நேரத்தையும் வசதியையும் அவர்களுக்கு அளித்தல் நமது கடன்.