ஒரு கொடி, ஒரு குடும்பம், 1888

இத்தாலியில டஸ்கனி பக்கம், சியென்னாவுக்குத் தெற்கே மொண்டல்சினோன்னு ஒரு மலை ஊர் இருக்கு. அங்க விளையுற 'ப்ரூனெல்லோ' சிவப்பு ஒயினைத்தான் உலகத்துல பணம் படைச்சவங்க தேடி வாங்குறாங்க. குடிக்கிற ரசனை பத்திச் சொல்ல நான் ஆள் இல்லைங்க. ஆனா அதுக்குப் பின்னாடி இருக்குற விவசாயம் நம்ம மாதிரி ஆளுங்க தெரிஞ்சுக்க வேண்டிய சங்கதி.

தொடக்கம் க்ரெப்போங்கிற தோட்டத்துல. கிளெமெந்தே சாந்தி படிப்பால மருந்தாளர், மனசால விவசாயி. 1865-ல எடுத்த அவரோட சிவப்பு ஒயினுக்கு 1869-ல பரிசு கெடைச்சது. அப்ப அந்த ஊருக்குப் பேரு வாங்கித் தந்ததே இனிப்பான வெள்ளை ஒயின்தான்.

அவரோட மகள் வயித்துப் பேரன் ஃபெர்ருச்சோ பியோண்டி சாந்தி. சின்ன வயசுலயே கரிபால்டி படையில சேர்ந்து சண்டை போட்டவர். ஊர் திரும்பினா, சாம்பல் நோயும் ஃபிலாக்செராங்கிற வேர்ப்பூச்சியும் ஐரோப்பாவுல திராட்சைத் தோட்டங்களை அழிச்சுக்கிட்டு இருக்கு. அவனவன் சீக்கிரம் காய்க்கிறதை நட்டு, பல ரகத்தைக் கலந்து, அந்த வருஷமே வித்துக் காசாக்கப் பார்த்தான். தப்புன்னு சொல்ல முடியாது, வயிறுன்னு ஒண்ணு இருக்கே.

ஃபெர்ருச்சோ எதிர்த் திசையில போனார். விதைக்கு நல்ல கதிரா பார்த்து ஒதுக்கி வைப்போமே, அதே மாதிரி தோட்டத்துல தேறுன சாஞ்சோவேசே கொடிகளைக் குறிச்சு வச்சு, அதுல குச்சி வெட்டி ஒட்டுக் கட்டினார். வேற ரகம் ஒரு கொத்துகூட சேர்க்கல. பெரிய மரப்பீப்பாயில வருஷக்கணக்குல ஊற வச்சார். அப்படி வந்ததுதான் 1888 ப்ரூனெல்லோ. அதுல சில பாட்டில் நூறு வருஷம் தாண்டியும் கெடாம நின்னுச்சு.

மகன் தான்க்ரெதி ஒயின் சாஸ்திரம் படிச்சவர். பழைய பாட்டில்ல ஒயின் குறைஞ்சா, தக்கையைத் திறந்து, அதே வருஷத்து ஒயினால நிரப்பி, புதுத் தக்கை போடுற வழக்கத்தைக் கொண்டுவந்தவர் அவர்தான். ரெண்டாம் உலகப்போர்ல சண்டை ஊரை நெருங்கினப்ப, பழைய பாட்டில்களை அடுக்கி முன்னாடி சுவர் எழுப்பி மறைச்சுட்டார். நெல்லுக்குக் குதிரை ஒளிச்சு வச்ச கதையெல்லாம் ஞாபகம் வருதா?

அவரோட மகன் ஃபிராங்கோ காலத்துல, தோட்டத்துக் கொடிகளை ஆராய்ஞ்சு தேர்ந்தெடுத்த ஒண்ணுக்கு 'பிபிஎஸ் 11'னு பேரே வச்சாங்க. முதல் மூணு எழுத்தும் ப்ரூனெல்லோ பியோண்டி சாந்தி. 1969-ல லண்டன் இத்தாலியத் தூதரகத்துல எலிசபெத் ராணிக்கு வச்ச விருந்துல இவங்களோட 1955 ஒயினைத்தான் ஊத்துனாங்க. அப்புறம் ஊரே ப்ரூனெல்லோ போட ஆரம்பிச்சது. இன்னைக்கு 200க்கு மேல தயாரிப்பாளர்கள். 1980-ல இத்தாலியோட உச்ச தர அங்கீகாரமும் வந்துச்சு. சாஞ்சோவேசே மட்டும்தான், அறுவடைக்கு அடுத்து அஞ்சாவது வருஷம் பிறக்காம விக்கக்கூடாதுன்னு சட்டம். அஞ்சு வருஷம் முதலை முடக்கி வைக்கிறதுன்னா என்னன்னு வட்டி கட்டுற நமக்குத் தெரியும்.

2008-ல குட்டு வெளிப்பட்டுச்சு. சில பேரு வேற ரகத்தைக் கலக்குறாங்கன்னு சந்தேகத்துல விசாரணை. சட்டத்தையே தளர்த்திடலாம்னும் ஒரு பேச்சு. தயாரிப்பாளர்கள் கூடி ஓட்டுப் போட்டாங்க; கலப்பு வேண்டாம்னு பெரும்பான்மை சொல்லிருச்சு.

ஃபிராங்கோ 2013-ல காலமானார். 2016 கடைசியில தோட்டத்தோட பெரும்பங்கு ஒரு பிரெஞ்சு நிறுவனத்து கைக்குப் போயிருச்சு. பாட்டில்ல மட்டும் பழைய பேருதான்.