லூயி றெனோவின் பற்சில்லுப் பெட்டி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே தம் வீட்டிலேயே மோட்டார் வண்டி ஒன்றைச் செய்துவிட முனைந்த ஐரோப்பியர் பலர். அவர்களுட் பெரும்பாலோரைத் தோற்கடித்தது எஞ்சின் அன்று. எஞ்சினை விலைக்கு வாங்கலாம். பாரிசுப் பகுதியிலே த டியோன் பூட்டோன் நிறுவனத்தார் செய்துவந்த சிறிய ஒற்றை உருளை எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்று வரை சுழலக்கூடியது. ஆனால் அந்தச் சுழற்சியைச் சில்லுக்குக் கொண்டுசேர்ப்பது எவ்வாறு? வண்டியின் உயிர்நிலை அங்கேதான் இருந்தது.

நீராவி இயந்திரம் நின்ற நிலையிலிருந்தே முழு விசையோடு இழுக்கும். பெற்றோல் எஞ்சினுக்கு அந்த ஆற்றல் இல்லை. வேகம் ஓரளவுக்குக் கீழே இறங்கினால் அது திணறி நின்றுவிடும். ஆகவே எஞ்சின் விரைவாகச் சுழன்றுகொண்டிருக்க, சில்லு மெதுவாக, ஆனால் மிகுந்த விசையோடு சுழல வேண்டும். அலவாங்கினாற் கல்லை நெம்புபவன் தன் கையை நெடுந்தூரம் அசைத்துக் கல்லைச் சிறிதளவே நகர்த்துகிறான். சிறிய பற்சில்லு பெரிய பற்சில்லைச் சுழற்றும்போது நிகழ்வதும் அதுவே. த டியோன் முச்சக்கர வண்டியில் இத்தகைய மாற்றுப் பற்சில்லு எதுவும் இல்லை. மேடு வந்தால் ஓட்டுபவர் மிதிகட்டையை மிதித்து எஞ்சினுக்குத் துணை செய்ய வேண்டியதுதான்.

வேகம் மாற்றும் பற்சில்லுகள் அக்காலத்தில் இல்லாமலில்லை. பிரெஞ்சுப் பொறியியலாளர் எமில் லெவசோர் 1890-களின் தொடக்கத்திலேயே தண்டின்மீது நகர்ந்து ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் பற்சில்லுகளைத் தம் வண்டிகளிற் பொருத்தியிருந்தார். எனினும் அம்முறையில், எந்த வேகத்திற் சென்றாலும், எஞ்சினின் வலு பற்சில்லுகளின் ஊடாகவே சென்றாக வேண்டும். பின்னர் அது சங்கிலிகளின் வழியாகச் சில்லை அடையும். பல்லோடு பல் உரசும் ஒவ்வோரிடத்திலும் வலுவின் ஒரு பங்கு வெப்பமாகவும் இரைச்சலாகவும் வீணாயிற்று. பெரிய எஞ்சினுக்கு அந்த இழப்புப் பொருட்டன்று. இரண்டு குதிரைவலுவும் இல்லாத சிறிய எஞ்சினுக்கோ அது தாங்கமுடியாத வரி.

1898ஆம் ஆண்டிலே 21 வயதினராயிருந்த லூயி றெனோ கண்டுகொண்டது இதைத்தான். அவருடைய குடும்பத்தார் துணியும் பொத்தானும் விற்று வளம்பெற்ற வணிகர். பில்லன்கூர் என்னும் ஊரில் அவர்களுக்கிருந்த வீட்டுத் தோட்டத்து மூலைக் கொட்டிலே இளைஞரின் பட்டறையாயிற்று. தம்மிடமிருந்த த டியோன் முச்சக்கர வண்டியை அவர் கழற்றினார். நான்கு சில்லுகள் கொண்ட சட்டகம் ஒன்றை அமைத்து, எஞ்சினை முன்பக்கத்திலே நிறுத்தினார். அதன் பின்னே தாமே செய்த பற்சில்லுப் பெட்டியை வைத்தார்.

அப்பெட்டியின் அமைப்பு எளிமையானது; எளிமையே அதன் சிறப்பு. எஞ்சினிலிருந்து உள்ளே வரும் தண்டும் சில்லை நோக்கி வெளியேறும் தண்டும் ஒரே நேர்கோட்டில் அமைந்தன. பக்கத்தே துணைத்தண்டு ஒன்று இருந்தது. முதலாம், இரண்டாம் வேகங்களிலும் பின்னோக்கிச் செல்கையிலும் வலு அத்துணைத்தண்டின் பற்சில்லுகளைச் சுற்றிவந்தது. மூன்றாம் வேகத்திலோ இரு பிரதான தண்டுகளும் ஒன்றாகப் பூட்டப்பட்டு ஒரே தண்டுபோற் சுழன்றன; இடையிலே பற்சில்லு எதுவும் வலுவைச் சுமக்கவில்லை. சமதரையில் வண்டி பெரும்பகுதி நேரம் ஓடுவது அந்த வேகத்திலேயே என்பதைக் கருதினால், இதன் பயன் விளங்கும். பெட்டிக்கும் பின்னச்சுக்கும் இடையிலே சங்கிலிக்குப் பதிலாக மூட்டுகள் கொண்ட சுழல்தண்டு பொருத்தப்பட்டது. பின்னச்சு வில்லின்மீது மேலுங்கீழும் அசைவது. எஞ்சினோ சட்டகத்தோடு பிணைந்திருப்பது. மூட்டு இல்லாவிடின் தண்டு முறிந்துபோம்.

1898 டிசம்பர் 24ஆம் நாள், நத்தாருக்கு முந்திய மாலை, அவ்வண்டி பாரிசில் நண்பர்கள்முன் நிறுத்தப்பட்டது. மொன்மார்த் குன்றிலேறும் லெப்பிக் வீதியின் சரிவு நூற்றுக்குப் பதின்மூன்று என்பர். நண்பர்கள் ஐயுற்றனர், வண்டி ஏறிவிட்டது. அன்றிரவே பன்னிரண்டு பேர் தமக்கும் அத்தகைய வண்டி வேண்டுமெனக் கேட்டனர் என்று றெனோ நிறுவனத்தின் வரலாறு கூறுகிறது. அதுவரை தம் தம்பியின் விளையாட்டென்றே இருந்ததை மார்செல், பெர்னான் என்னும் தமையன்மார் வணிகமாகக் கண்டது அதன் பின்னரே. 1899 பெப்ரவரியில் றெனோ சகோதரர் நிறுவனம் தோன்றிற்று.

அதே பெப்ரவரி மாதம் 9ஆம் நாள் லூயி மற்றொரு காரியமும் செய்தார். தமது நேர்த்தொடர்புப் பெட்டிக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். வண்டியைச் செய்ததிலும் இது கூர்மதியான செயல் எனலாம். சில ஆண்டுகளுள் மற்றைய உற்பத்தியாளர்களும் அம்முறையைக் கைக்கொண்டனர். றெனோ அவர்கள்மீது வழக்குத் தொடுத்து வென்று, உரிமைப்பணம் பெற்றார். பற்சில்லுகளை நகர்த்தும் விதம் பின்னாளிற் பலவாறு திருந்திற்று. இரு தண்டுகளையும் நேர்கோட்டில் வைத்து உச்ச வேகத்திற் பூட்டும் கருத்து மட்டும் மாறவில்லை. முன்னே எஞ்சின், நடுவே பெட்டி, பின்னே ஓட்டும் சில்லு என்னும் ஒழுங்கு உலகெங்கும் பரவியபோது அதுவும் உடன் சென்றது. எஞ்சினைக் குறுக்காக வைத்து முன்சில்லுகளை ஓட்டும் இக்காலச் சிறு கார்களிலே உள்வரும் தண்டும் வெளிச்செல்லும் தண்டும் வேறுவேறு கோடுகளில் அமைவதால், அந்த நேர்ப்பூட்டுக்கு அங்கே இடமில்லாது போயிற்று.